சம்பந்தம் விசாரிக்கிறார்கள், கிளினிக் தாதி என்ன சொல்லலாம்?

கேள்வி: திருகோணமலையில் ஓர் அரச வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்கில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். சின்னம்மாவின் மகளுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருக்கிறது. மாப்பிள்ளை எங்கள் கிளினிக்குக்கு வருபவர். தேங்காய் துருவிக்கொண்டிருந்த சின்னம்மா கையை நிறுத்திவிட்டு, "அந்தப் பெடியன் உங்கட இடத்துக்கு வாறவனோ? ஓம், இல்லை எண்டு ஒரு சொல் சொல்லு பிள்ளை" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. "உன்ர முகமே சொல்லுது" என்றார். போன கிழமை அந்தத் தம்பி என்னிடம், "கலியாணம் முடியுமட்டும் குளிசையை நிப்பாட்டட்டோ மிஸ்?" என்று கேட்டார். ஆபத்து என்றால் மற்றவரை எச்சரிக்க வேண்டும் என்று அமெரிக்க மனநலத் தாதியருக்கான இணையவழிப் பாடமொன்றில் படித்தேன். தங்கச்சியை எச்சரிப்பது என் கடமை இல்லையா?

பதில்: இல்லை, சகோதரி. சொல்லக்கூடாது. உங்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நீங்கள் படித்தது டாராசாஃப் வழக்காக இருக்கவேண்டும். தன்னிடம் சிகிச்சை பெறுபவரால் இன்னொருவருக்குப் பெரிய ஆபத்து இருப்பதை உணரும் சிகிச்சையாளர், அவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று கலிஃபோர்னிய உயர்நீதிமன்றம் 1976 இல் தீர்ப்பளித்தது. அங்கே ஒருவர், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் சிகிச்சையாளரிடம் சொல்லியிருந்தார், பின்பு கொன்றும்விட்டார். உங்கள் கிளினிக்குக்கு வரும் தம்பி யாரையும் மிரட்டவில்லை. அவருக்கு ஒரு நோய் இருக்கிறது, ஒழுங்காக வந்து மருந்து எடுக்கிறார், அவ்வளவுதான். நோயையே ஆபத்தாக எண்ணும் ஊர்ப் பார்வைக்கு அந்தத் தீர்ப்பைத் துணைக்கு அழைக்க முடியாது. நாளைக்கு அவர் உண்மையிலேயே ஒருவரைக் கொல்லப்போவதாகச் சொன்னால், அது வேறு கதை. அன்றைக்கே வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

இலங்கையின் தீங்கியல் சட்டத்துக்கு, அதாவது ஒருவர் இழைத்த தீங்குக்கு நட்டஈடு கேட்கும் சட்டத்துக்கு, வேர் ஒல்லாந்தர் கொண்டுவந்த ரோமன் டச்சுச் சட்டம். அதே வேரையுடைய தென்னாபிரிக்காவில் ஒரு வைத்தியர், தன் நோயாளிக்கு எச்ஐவி இருப்பதைக் கோல்ஃப் விளையாடும்போது இரண்டு பேரிடம் சொல்லிவிட்டார். கேட்டவர்களும் மருத்துவத் துறையினர்தான், ஒருவர் வைத்தியர், மற்றவர் பல் வைத்தியர். ஆனாலும் 1993 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அதற்குள் நோயாளி இறந்துவிட்டிருந்தார். இரண்டு பேரிடம் சொன்னதற்கே அப்படி. திருகோணமலையில் ஒரு சமையலறையில் சொன்னது கோயில் வீதிக்கு வர எத்தனை நாள் எடுக்கும்?

நமது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இதில் இறுக்கமானது. நோயாளி எழுத்தில் சம்மதிக்காவிட்டால் அவரது மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க மறுக்கவேண்டும் என்கிறது அதன் 5 ஆம் பிரிவு. முறைப்படி விண்ணப்பம் போட்டவருக்கே கிடைக்காத தகவலை வீட்டில் சும்மா கொடுக்க முடியாது. நீங்கள் அரச உத்தியோகத்தர் என்பதால் அரச ஊழியருக்கான விதிகளான தாபனக் கோவையின்படி ஒழுக்காற்று விசாரணையும் வரலாம். நீதிமன்றம் அழைப்பாணை விடுத்தால் மட்டும் நிலைமை வேறு. கட்சிக்காரர் சொன்னதை வெளியிடாதிருக்கச் சட்டத்தரணிக்குச் சாட்சியச் சட்டம் கொடுத்திருக்கும் சிறப்புரிமை தாதிக்கு இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டி வரும்.

முகம் காட்டிக்கொடுத்ததை நினைத்துக் கலங்கவேண்டாம். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிளினிக்குக்கு வராதவரைப் பற்றிக் கேட்கும்போது "சீச்சீ, அவர் வாறேல்லை" என்று சொல்லிப் பழகிவிட்டால், அடுத்தவரைப் பற்றிக் கேட்கையில் உங்கள் மௌனமே "ஓம்" ஆகிவிடும். "இல்லை" என்பதும் ஒரு தகவல்தான். ஆகவே யாரைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில் சொல்லுங்கள்: "கிளினிக்குக்கு ஆர் வாறது, ஆர் வாறேல்லை எண்டு நான் வீட்டில கதைக்கிறேல்லை."

சின்னம்மாவின் பயத்தை நான் சிறிதாக எடுக்கவில்லை. விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி விவாகரத்துக்குக் காரணங்கள் மூன்றே: பிறர்மனை உறவு, தீய எண்ணத்துடன் கைவிடல், விவாகத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. மனநோய் அதில் இல்லை. (முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம்.) முடித்த பிறகு வருந்தினாலும் வெளியே வருவது கடினம் என்று தாய் பயப்படுவதில் நியாயம் உண்டு. அதனால்தான் அவர் முன்கூட்டியே கேட்கவேண்டும். கேட்கவேண்டிய இடம் மாப்பிள்ளை வீடு.

குளிசை விஷயத்துக்கு இன்றைக்கே ஏதாவது செய்யுங்கள். அமெரிக்காவில் மனநலத் தாதிய நிபுணர்கள் மருந்து எழுதலாம். இங்கே அந்த அதிகாரம் தாதிக்கு இல்லை. நிப்பாட்டலாம், குறைக்கலாம் என்று நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது. அவர் கேட்டதை வைத்தியரிடம் சொல்லி, கிளினிக் பதிவில் திகதியுடன் எழுதுங்கள். சிகிச்சைக் குழுவுக்குள் பேசுவது இரகசியத்தை உடைப்பதாகாது. பெண் வீட்டார் உங்கள் சொந்தம் என்பதையும் வைத்தியரிடம் சொல்லி, அந்தத் தம்பியை வேறொரு தாதி பார்க்கும்படி கேளுங்கள்.

மருந்தை மறைக்க நினைக்கிறார் என்றால் அந்தத் தம்பிக்கும் பயம்தான். தானாகவே பெண்ணிடம் சொல்ல விரும்புகிறாரா என்று வைத்தியர் கேட்கலாம். சம்மதித்தால் இருவரையும் ஒன்றாக இருத்தி, நோய் என்ன, மருந்து எவ்வளவு காலம் என்று விளக்கலாம். சம்மதிக்காவிட்டால் அவர் முடிவு அது. நீங்கள் வாயை மூடிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.