என் பெயரில் கடன் வாங்கியவருக்குச் சிறை. என் மன உளைச்சலுக்கு நஷ்டஈடு உண்டா?

கேள்வி: என்னோடு வேலை பார்த்த ஒருவர் என் பான், ஆதார் நகல்களை வைத்து என் பெயரில் இரண்டு கடன்கள் வாங்கிவிட்டார். வசூல் ஏஜென்ட்கள் அலுவலகத்துக்கே போன் போட்டு அசிங்கப்படுத்திய பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அது நடந்து இரண்டரை வருடம் ஆகிறது. இப்போது அவருக்குத் தண்டனை கிடைத்திருக்கிறது. நான் பட்ட மன உளைச்சலுக்கு அவர்மீது வழக்குப் போடலாமா?
– வாசகி, சேலம்

போடலாம். ஆனால் முதலில் காலண்டரைப் பாருங்கள். இப்படி நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்குக்குப் பொதுவாக 3 வருடம்தான் கெடு. மோசடி உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்தே அது ஓடத் தொடங்கிவிடும், தீர்ப்பு வரும்வரை காத்திருக்காது. 'கிரிமினல் கேஸ் முடியட்டும்' என்று சும்மா இருந்தே பலர் கோட்டை விடுகிறார்கள். உங்களுக்கு மிச்சம் ஆறே மாதம்.

அடுத்து, தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிப் படியுங்கள். அடுத்தவர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்லவும் அதே நீதிபதிக்கு அதிகாரம் உண்டு: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 395. அங்கே சொல்லப்படும் 'தீங்கு' உடலுக்கும் சொத்துக்கும் மட்டுமல்ல, மனதுக்கும் நற்பெயருக்கும் நேர்வதையும் சேர்த்ததுதான். இழப்பீடு தரலாமா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் நீதிமன்றம் யோசித்தே ஆக வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. தொகை போதவில்லை என்றால் நீங்களே மேல்முறையீடு செய்யலாம். தீர்ப்பில் இழப்பீடு பற்றிப் பேச்சே இல்லையென்றால், அந்த வழி திறந்திருக்கிறதா என்று வக்கீலிடம் உடனே கேளுங்கள். என்னைக் கேட்டால், சிவில் வழக்கை விட இதற்குத்தான் செலவு குறைவு.

சிவில் வழக்கில் தண்டனைத் தீர்ப்பை நீட்டினால் மட்டும் போதாது, எல்லாவற்றையும் திரும்ப நிரூபிக்க வேண்டியிருக்கும். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றிருந்தால் உங்கள் வேலை பாதி குறையும். அந்த ஒப்புதலையே சாட்சியமாக வைக்கலாம். மன உளைச்சலுக்கும் காகிதம் வேண்டும்: மருத்துவர் சீட்டு, லீவு எடுத்த பதிவு, ஏஜென்ட்கள் அழைத்த நேரங்கள், அலுவலகத்தில் விளக்கம் கேட்டு வந்த மெயில். 'தூக்கமே போச்சு' என்று வாயால் சொல்வதற்குப் பெரிய தொகை கிடைக்காது. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், அதாவது 5 லட்சம் கேட்டால் 15,000 ரூபாய். ஆள் சிறையில் இருப்பது தடையில்லை, சம்மன் சிறை அதிகாரி மூலம் போய்ச் சேரும்.

சரி, ஜெயித்த பிறகு? டிக்ரியை, அதாவது பணம் தரச் சொல்லும் நீதிமன்ற ஆணையை, நிறைவேற்ற 12 வருடம் அவகாசம் உண்டு. ஆனால் வீடோ நிலமோ இல்லாதவரிடம் எதை ஜப்தி செய்வது? அவர் பெயரில் சொத்து இருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் வழக்கில் இறங்காதீர்கள்.

பணம் இருப்பது கடன் கொடுத்த நிறுவனத்திடம். உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில் அந்தக் கடன்கள் இன்னும் இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இது ரிசர்வ் வங்கி விதி. அப்புறமும் அசையவில்லையா? வங்கி, நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. அலைச்சலுக்கும் மன வேதனைக்கும் என்றே தனியாக இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் இதே குறைக்காக அந்த நிறுவனத்தின் மீது ஏற்கெனவே சிவில் வழக்குப் போட்டிருந்தால் ஆம்புட்ஸ்மன் புகாரை ஏற்க மாட்டார். அதனால் வக்கீல் நோட்டீஸில் யார் யாரைச் சேர்ப்பது என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.