சமன்பாடு வருகிறது, கேள்வி வரவில்லை

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சமன்பாட்டை எழுதிக் கொடுத்தால் உடனே தீர்த்துவிடுகிறாள். அதையே நான்கு வரி வயதுக் கணக்காகக் கேட்டால் பேனா நகர்வதில்லை. 'கூடுதல் என்றால் கூட்டல், குறைவு என்றால் கழித்தல்' என்று சொல் அட்டவணை கொடுத்துப் பழக்கும் வகுப்புக்கு 4,000 ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். மாலாவிடம் 40 ரூபாய் இருக்கிறது; அது கீதாவிடம் இருப்பதைவிட 15 ரூபாய் கூடுதல்; கீதாவிடம் எவ்வளவு? அட்டவணை படித்த பிள்ளை 'கூடுதல்' கண்ணில் பட்டதும் 55 என்று எழுதும். விடை 25. கேள்வியைப் படிக்காமல் தப்பிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள், அதற்கு ரசீதும் போடுகிறார்கள்.

மகள் முதலில் எழுத வேண்டியது சமன்பாடு அல்ல, ஒரு வாக்கியம். 'ம = மகன்' என்று எழுதினால் அடித்துவிடுங்கள். 'ம = மகனின் இன்றைய வயது' என்றிருக்க வேண்டும். எழுத்து ஆளுக்குச் சுருக்கப்பெயர் அல்ல, ஓர் எண். ஓர் ஆசிரியருக்கு ஆறு மாணவர்; மாணவர் எண்ணிக்கை ம, ஆசிரியர் எண்ணிக்கை ஆ என்றால் 6ம = ஆ என்று எழுதத்தான் கை போகும். சரியானது ம = 6ஆ. பத்து ஆசிரியர் என்று வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். 1981இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இதே மாதிரிக் கேள்வியில் பொறியியல் மாணவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சறுக்கினார்கள். உங்கள் மகளைத் திட்டாதீர்கள்.

வயதுக் கணக்குக்கு வருவோம். தந்தையின் வயது மகனுடையதைப்போல் 4 மடங்கு. 20 ஆண்டுகள் கழித்து 2 மடங்காகும். சமன்பாடு 4ம + 20 = 2(ம + 20). மகனுக்கு 10, தந்தைக்கு 40. மகனுக்கு மட்டும் 20ஐக் கூட்ட மறந்தால் அவன் வயது கழித்தல் 10 என்று வரும். அடைப்புக்குறியை விட்டு 2ம + 20 என்று எழுதினாலோ மகனுக்கும் 0, தந்தைக்கும் 0! வந்த விடையைக் கேள்விக்குள் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு இது உடனே பிடிபடும். ஆனால் முதல் வரியை 'மகனின் வயது ம என்க' என்று முடித்தால்தான் மதிப்பெண் என்று மிரட்டும் திருத்தும் முறையில், சரிபார்ப்பை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கேள்வியே குற்றவாளி. '10ஐவிட மூன்று மடங்கு அதிகம்' என்றால் 30ஆ, 40ஆ? '10ஐப்போல் மூன்று மடங்கு' என்றால் ஐயமே இல்லை, 30தான். 'விட', 'அதிகம்' இரண்டும் சேரும்போதுதான் வம்பு. 10க்கு மேல் இன்னும் 30 என்று கண்டிப்பாகப் பொருள்கொண்டால் 40, பேச்சுவழக்கில் 30. பாடப்புத்தகக் கேள்வியில் 30 என்றே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் '50 சதவீதம் அதிகம்', 'பாதிப் பங்கு அதிகம்' என்று வந்தால் அதைக் கூட்டியே ஆக வேண்டும்: 10 + 5 = 15. அங்கே வெறும் 5 என்று யாரும் சொல்லமாட்டார்கள். இந்த வேறுபாட்டை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லாமலே பாடத்தை முடித்துவிடுகிறார்கள். கேள்வி அமைப்பவர்களும் 'போல்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'விட' என்று எழுதிவிட்டு நிம்மதியாக உறங்குகிறார்கள்.

4,000 ரூபாயை வைத்துக்கொள்ளுங்கள். இன்றிரவு 3அ + 5 = 26 என்று எழுதிக் கொடுத்து, இதற்குப் பொருந்தும் கதை ஒன்றை மகளையே எழுதச் சொல்லுங்கள். மூன்று பேனாவும் ஐந்து ரூபாய் மிட்டாயும் வாங்கினேன் என்று தொடங்கினாலும் போதும்.