பாக்கிப் பணத்துக்காக அந்தத் தாளில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: மாயாஜால நாவல்களுக்கு அட்டைப்படம் வரைவது என் தொழில். வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்று தன் மூன்று பாக நாவலுக்கு என்னிடம் அட்டை கேட்டது. ஒப்பந்தம் என்று எதுவும் போடவில்லை. 'மூன்று பாகங்களின் அச்சுப் பதிப்புக்கு அட்டைப்படம்' என்று மின்னஞ்சலில் எழுதி, தொகையைக் குறித்தார்கள், அவ்வளவுதான். முதல் பாகத்துக்கு நான் வரைந்த டிராகன் வாசகர்களுக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. இப்போது அதே டிராகன் டி-ஷர்ட்டிலும் போஸ்டரிலும் விற்பனையாகிறது. இரண்டாம் பாகத்தின் மறுபதிப்பில் நாயகியின் முகத்தை யாரையோ வைத்து மாற்றிவிட்டார்கள், என் பெயரையும் எடுத்துவிட்டார்கள். ஸ்கேன் செய்ய அனுப்பிய ஆயில் கேன்வாஸ் இன்னும் திரும்பி வரவில்லை. கேட்டால், 'காசு கொடுத்தாயிற்று, படம் எங்களுடையது' என்கிறார்கள். மூன்றாவது அட்டைக்கான பாக்கி வேண்டுமென்றால், எல்லா உரிமைகளையும் எழுதிக்கொடுக்கும் தாள் ஒன்றில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். பணம் அவசரமாகத் தேவை. போடலாமா?

பதில்: போடாதீர்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம், இது மட்டும் முதலில் மனதில் இருக்கட்டும். நீங்கள் கேட்பது ஏற்கெனவே வரைந்து கொடுத்த வேலைக்கான கூலி. அதற்கு ஈடாக அவர்கள் கேட்பது, அந்த வேலையிலிருந்து இனி வரப்போகும் அத்தனை வருமானமும். இரண்டும் வேறு வேறு கணக்கு. அதோடு இதையும் யோசித்துப் பாருங்கள்: படம் முழுக்க அவர்களுடையதுதான் என்றால், உங்கள் கையெழுத்து எதற்கு?

'காசு கொடுத்தோம், படம் எங்களுடையது' என்ற பேச்சை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பலர் கேட்டிருப்பார்கள். ஒரு படத்தில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று, கையால் தொடக்கூடிய கேன்வாஸ். இன்னொன்று, அந்தப் படத்தை நகல் எடுக்க, அச்சிட, மாற்றி வரைய உள்ள உரிமை, அதாவது பதிப்புரிமை. ஒன்றை வாங்கியதால் மற்றது தானாகக் கூட வந்துவிடாது. பதிப்புரிமைக்குப் பதிவும் கட்டாயமில்லை. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமாக 1886-ல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. அதன்படி, பிற உறுப்பு நாடுகளிலும் எந்தச் சடங்கும் இல்லாமலே உங்கள் படத்துக்குப் பாதுகாப்பு உண்டு.

சரி, அந்த உரிமை முதலில் யாருக்குப் பிறக்கிறது? இங்கேதான் நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. உங்கள் வழக்கில் நீங்கள் ஒரு நாட்டிலும் பதிப்பகம் இன்னொரு நாட்டிலும் இருப்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பள ஊழியராக இல்லாமல் தனியாக வேலை செய்யும் ஓவியர்தான் முதல் உரிமையாளர். யார் கேட்டு வரைந்தார், யார் பணம் கொடுத்தார் என்பது அதை மாற்றாது. அமெரிக்காவின் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'கூலிக்குச் செய்த படைப்பு' என்று ஒரு வகை உண்டு. அந்த வகையில் வந்துவிட்டால், சட்டத்தின் பார்வையில் அந்தப் படத்தின் படைப்பாளியே பதிப்பகம்தான். ஆனால் சுதந்திரமாக வேலை செய்யும் ஓவியரின் படம் அதில் சேர, சட்டம் பட்டியலிட்டுள்ள 9 வகைகளில் ஒன்றாக அது இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தமும் வேண்டும். உங்களிடம் நீட்டிய தாளில் அந்தச் சொற்றொடர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை. சாதாரணமாக உரிமையை மாற்றிக் கொடுத்த படைப்பாளிக்கு, 35 ஆண்டுகள் கழித்து அதைத் திரும்பப் பெற அந்தச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 'கூலிக்குச் செய்த படைப்பு' என்றால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

இந்தியச் சட்டம் உங்களுக்கு அவ்வளவு சாதகமில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒருவர் கேட்டுக்கொண்டபடி பணத்துக்கு வரைந்து தரும் ஓவியத்துக்கு, மாறாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கேட்டவரே முதல் உரிமையாளர். அட்டைப்படக் கலைஞர்களில் பலருக்கு இது தெரியாது, தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும். இந்தியச் சட்டம்தான் பொருந்தும் என்று எதிர்த்தரப்பு வாதிட்டால், 'மாறான ஒப்பந்தம்' இருந்தது என்று நீங்கள் காட்டியாக வேண்டும்.

அதைக் காட்ட உங்களிடம் ஒரு வரி இருக்கிறது. 'அச்சுப் பதிப்புக்கு அட்டைப்படம்' என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். கொடுத்த தொகை எந்தப் பயன்பாட்டுக்கு என்பதை அந்த வரி வரையறுக்கிறது. டி-ஷர்ட்டும் போஸ்டரும் அதில் இல்லை. ஓவியர்தான் முதல் உரிமையாளர் என்று சொல்லும் நாடுகளில் இது பயன்பாட்டு அனுமதியின் எல்லை. இந்தியச் சட்டத்தின் கீழ் மாறான ஒப்பந்தம் என்று வாதிட இதுவே அடிப்படை. அந்த வாதம் கட்டாயம் வெல்லும் என்று நான் உறுதி தரமாட்டேன். ஆனால் வெறுங்கையோடு நிற்கும் நிலை உங்களுக்கு இல்லை. அந்த மின்னஞ்சலை அனுப்புநர், தேதி விவரங்களோடு பல இடங்களில் சேமித்து வையுங்கள்.

கூடவே உங்கள் வேலையின் தடங்களையும் எடுத்து வையுங்கள். கையெழுத்துப் பிரதியைப் படிக்கும்போது ஓரத்தில் கிறுக்கிய குறிப்புகள், கட்டைவிரல் அளவுப் படங்கள், கலர் ரஃப், டிராகனின் இறக்கைக்காக வௌவாலைப் பார்த்து வரைந்த ஸ்கெட்ச், தலைப்புக்காக மேலே வானத்தைக் காலியாக விடச் சொல்லி வந்த திருத்தம், லேயர்கள் (படத்தின் அடுக்குகள்) ஒன்றாக்கப்படாமல் தனித்தனியாக உள்ள கணினிக் கோப்பு என எதையும் தூக்கி எறியாதீர்கள். நாவலில் டிராகனைப் பற்றி நான்கு வரிதான் இருந்திருக்கும். அதன் செதிலும் கண்ணும் கழுத்தின் வளைவும் உங்கள் கற்பனை என்பதை நீதிபதிக்குப் புரியவைப்பவை இவைதான்.

இந்த இடத்தில் உங்கள் பக்கத்து எல்லையையும் சொல்லிவிடுகிறேன். டிராகனின் பெயர், நாவலின் தலைப்பு, கதை ஆகியவை உங்களுடையவை அல்ல. உரிமை உங்களிடம்தான் என்று உறுதியானாலும், அவற்றைப் போட்டு நீங்களாகப் பிரிண்ட் விற்றால் எழுத்தாளர் உங்கள்மேல் வழக்குப் போட இடம் கொடுப்பீர்கள். அதேபோல, அடுத்த பாகத்துக்கு வேறொருவர் உங்கள் பாணியில் வரைந்தால் அதைத் தடுக்க முடியாது, பாணிக்குப் பதிப்புரிமை இல்லை. நீங்கள் வரைந்த அதே டிராகனைப் பிரதி எடுத்தால் மட்டுமே தடுக்கலாம்.

இனி முகத்தை மாற்றியதும் பெயரை எடுத்ததும். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். படைப்பாளி என்று அறியப்படும் உரிமையும், தன் நற்பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையும் (இவற்றைத் தார்மீக உரிமைகள் என்பார்கள்) 1928-ல் ரோம் நகரில் பெர்ன் உடன்படிக்கையோடு சேர்க்கப்பட்டன. இந்தியாவில் 57-ஆவது பிரிவு இதைத் தருகிறது, பதிப்புரிமையை விற்ற பிறகும் இது படைப்பாளியிடமே இருக்கும். டெல்லியில் அரசின் மாநாட்டு அரங்கமான விஞ்ஞான் பவனிலிருந்து அகற்றப்பட்டுச் சேதமான தன் சுவர்ச் சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் அரசின் மீது தொடுத்த வழக்கில், மிஞ்சிய பாகங்களை அவரிடம் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் டெல்லி உயர் நீதிமன்றம் 2005-ல் உத்தரவிட்டது. ஆக, உரிமையாளர் யார் என்ற கேள்வியில் இந்தியச் சட்டம் உங்களைக் கைவிட்டாலும், இந்தக் கேள்வியில் கைவிடாது. பிரிட்டனில் பெயர் போடும் உரிமையை எழுத்தில் கோரியிருக்க வேண்டும், இன்றே ஒரு வரி எழுதி அனுப்பினாலும் இனிவரும் பதிப்புகளுக்கு உதவும். அமெரிக்காவில் மட்டும் இந்தப் பக்கம் பலவீனம். அங்குள்ள 1990-ஆம் ஆண்டின் காட்சிக் கலைஞர் உரிமைகள் சட்டம் புத்தகங்களையும் போஸ்டர்களையும் விலக்கிவிட்டது. நீங்கள் கையெழுத்திட மறுக்கும் தாளில் 'தார்மீக உரிமைகளைக் கைவிடுகிறேன்' என்ற வரியும் இருக்க வாய்ப்பு அதிகம், பாருங்கள்.

பதில் கடிதம் சுருக்கமாக, கோபமில்லாமல் இருக்கட்டும். மூன்றாவது அட்டை ஒப்படைத்த தேதி, பாக்கித் தொகை, செலுத்தக் கடைசி நாள். அடுத்து, 'அனுமதி மூன்று பாகங்களின் அச்சு அட்டைக்கு மட்டுமே. டி-ஷர்ட், போஸ்டர் விற்பனையை நிறுத்துங்கள், இதுவரை விற்ற கணக்கைத் தாருங்கள்' என்று ஒரு பத்தி. மறுபதிப்பில் பழைய முகமும் உங்கள் பெயரும் திரும்ப வர வேண்டும் என்று இன்னொன்று. கூடுதல் பயன்பாடு வேண்டுமென்றால் தனிக் கட்டணத்தில் பேசத் தயார் என்றும் எழுதுங்கள். இப்படிப்பட்ட தகராறுகள் பெரும்பாலும் அந்த வரியில்தான் முடிகின்றன. ஆனால் பேச்சுவார்த்தை என்று வருடக்கணக்கில் இழுக்க விடாதீர்கள். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் இழப்பீடு கேட்க 3 ஆண்டுதான் அவகாசம்.

கேன்வாஸுக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள், பணத் தகராறோடு அதைக் கலக்க வேண்டாம். ஸ்கேன் செய்ய அனுப்பியது இரவல், விற்பனை இல்லை. அனுப்பிய ரசீதை இணைத்து, எந்தத் தேதிக்குள் எந்த முகவரிக்கு, எப்படிப் பொதிந்து அனுப்ப வேண்டும் என்று எழுதுங்கள். அமெரிக்க மாயாஜால ஓவியர் ஃபிராங்க் ஃபிரசெட்டா 1969-ல் ஒரு திகில் இதழின் அட்டைக்காக வரைந்த ஆயில் ஓவியம் ஒன்று, 2019-ல் 54 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அட்டை அச்சாகி முடிந்ததும் மூலப்படத்துக்கு மதிப்பில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் பாக்கித் தொகை கைக்கு வந்துவிட்டாலும், அந்தக் கேன்வாஸ் வீட்டுக்கு வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.