ஃபைபர் அடுக்குகளைப் பசையால் ஒட்டிச் செய்த, உள்ளே ஹீட்டர் வைத்த பாகத்தில் அடுக்கு பிரிந்திருப்பதை உடைக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

போயிங் 787-ன் இறக்கை முன்விளிம்பில் பனி படியாமல் இருக்க, என்ஜினின் சூடான காற்றுக்குப் பதில் மின் ஹீட்டர் அடுக்கைத்தான் உள்ளே ஒட்டியிருக்கிறார்கள். இந்த மாதிரிப் பாகங்களில் ஒரு வசதி: சோதனைக்கு வேண்டிய சூடு உள்ளேயே இருக்கிறது. ஹீட்டருக்குச் சில விநாடிகள் மட்டும் மின்சாரம் கொடுத்து, வெளிப்பரப்பை அகச்சிவப்பு கேமராவில் பாருங்கள்.

ஹீட்டருக்கும் வெளித்தோலுக்கும் நடுவே அடுக்கு பிரிந்திருந்தால், அந்த இடைவெளிக் காற்று சூட்டைத் தடுக்கும். வெளியே குளிர்ந்த திட்டு தெரியும். உள்ளே ஹீட்டரோ அதே இடத்தில் அளவுக்கு மீறிக் கொதிக்கும், பசை கருகும், பிரிவு இன்னும் பரவும். ஹீட்டருக்குப் பின்னால் பிரிந்திருந்தால் நேர்மாறு: சூடு பின்னால் போக வழியின்றி அந்த இடம் கூடுதலாகச் சுடும்.

முதல் சில விநாடிப் படங்கள்தான் முக்கியம். கார்பன் ஃபைபர் சூட்டைப் பக்கவாட்டில் இழுத்துவிடுவதால், தாமதித்தால் திட்டின் ஓரம் மங்கிவிடும். ஹீட்டர் இருக்கும் ஆழம் இரட்டித்தால் சூடு வெளிப்பரப்புக்கு வந்துசேர நாலு மடங்கு நேரமாகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வெளியே பளபளக்கும் உலோகத் தகடு இருந்தால் கேமரா உங்கள் முகத்தின் சூட்டைத்தான் காட்டும்! கழுவினால் போகிற கறுப்பு மேட் பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள்.

ஹீட்டரின் மின்தடையை மட்டும் அளந்து பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். கம்பி அறாதவரை அது சரியாகவே காட்டும். சந்தேகப்பட்ட இடத்தை அப்புறம் அல்ட்ராசோனிக் சோதனையில் (காதுக்குக் கேட்காத ஒலி அலைகளைச் செலுத்திப் பார்ப்பது) உறுதிசெய்யலாம்.