அறிவிப்புக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: கம்பளையில் மகாவலிக் கரைக்கு அண்மையில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீர் நின்றது. இனிமேல் மழை பிடித்தால் முன்கூட்டியே பிள்ளைகளுடன் என் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறேன். "கொத்மலை வான்கதவு திறப்பதாக அறிவிப்பு வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
– வாசகி, கம்பளை

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி, சகோதரி. 1985இல் திறக்கப்பட்ட கொத்மலை அணை, மகாவலியில் வந்து கலக்கும் கொத்மலை ஓயாவை மறித்துக் கட்டப்பட்டதே தவிர, மகாவலியின் குறுக்கே கட்டப்பட்டதன்று. நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான வட்டவளையில் கொட்டும் நீர், நாவலப்பிட்டி வழியாக, அந்த அணையைத் தொடாமலே உங்கள் ஊருக்கு வந்து சேர்கிறது. ஆகவே வான்கதவுகள் மூடியிருக்கும்போதும் கம்பளையில் ஆறு பெருகலாம். அறிவிப்பைக் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மட்டும் போதாது. நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் நாவலப்பிட்டி நீர்மட்டத்தைக் கேட்டறியுங்கள்.

இன்னொன்று: கரையோர வீடுகளுக்கு ஆறு பெரும்பாலும் முன்வாசலால் வருவதில்லை. ஆற்றில் விழ வேண்டிய கான் தண்ணீர் விழ இடமின்றித் திரும்பி, முதலில் குளியலறைத் துவாரத்தில் குமிழியிடும். அதைக் கண்டதும், தரை ஈரமாகும் முன்னரே, மின்சாரப் பிரதான ஆளியை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை இப்போதே ஒரு பொலித்தீன் பையில் கட்டி, கைக்கெட்டும் உயரத்தில் வையுங்கள். அலுமாரியின் அடித்தட்டில் வைத்தவர்கள் பிறகு பட்ட அலைச்சல் கொஞ்சமன்று.

உங்கள் அக்கா வீடு எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. மலைநாட்டில் ஆற்றுக்குப் பயந்து சரிவுக்குப் போவதும் ஆபத்துத்தான். 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால், மண்சரிவு அபாயமுள்ள இடங்களிலிருந்து வெளியேறச் சொல்லித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விடுப்பது வழக்கம். அக்கா வீட்டுப் பின்மேட்டில் வெடிப்பு உண்டா, மரங்கள் சாய்ந்துள்ளனவா, ஊற்று திடீரெனக் கலங்குகிறதா என்பதை மழை இல்லாத நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். சந்தேகமிருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாதுகாப்பு நிலையம் எதுவென்று குறித்துக்கொள்ளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

வெள்ளம் வடிந்தபின் சேற்றை வெறுங்காலுடன் அள்ள வேண்டாம். எலிக்காய்ச்சல் கால் வெடிப்பு வழியாகவே ஏறிவிடும். தடுப்பு மாத்திரை தேவையா என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். கிணற்று நீரைக் குளோரின் இட்ட பிறகும் கொதிக்கவைத்தே குடியுங்கள். இந்தப் பதிலைக் கணவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். நாவலப்பிட்டி நீர்மட்டத்தைக் கேட்டறியும் பொறுப்பு அவருடையதாகவே இருக்கட்டும்.