பழைய பஃபரும் புதிய புள்ளியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வில் நான்கு ஆண்டுகளாக ஒரே கைனேஸை (மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் புரதம்) துரத்திக்கொண்டிருக்கிறேன். அதற்கும் ஒரு நரம்புச் சிதைவு நோய்க்கும் தொடர்பு உண்டென்று காட்டுவதுதான் திட்டம். மரபணுவை நீக்கிய செல்கள் ஒன்றுமே நடக்காததுபோல் வளர்கின்றன. கதிரியக்க பாஸ்பேட் கொடுத்துப் பார்த்தால், எதிர்பார்த்த புரதத்தில் அது ஏறவில்லை. ஃபிலிமில் கீழே, வேறேதோ புரதத்தின் ஒரு மங்கலான பட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் வருகிறது. ஒட்டிக்கொண்டு வரும் குப்பை, படத்தில் வெட்டிவிடு என்கிறார் மேற்பார்வையாளர். டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏற்றும் கைனேஸைக் கண்டுபிடித்த டோனி ஹண்டருக்கு அடித்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் அடிக்குமா? மருந்து நிறுவன வேலைக்கு முயலலாமா, இன்னும் ஓராண்டு பொறுக்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

வேலைக்குத் தாராளமாக முயலுங்கள். மருந்து நிறுவனத்துக்குப் போகிறவர் ஆய்வைக் கைகழுவியவர் ஆகிவிட மாட்டார். இமாடினிப் என்ற புற்றுநோய் மருந்தின் மூலக்கூறு உருவானதே அப்படி ஒரு நிறுவனத்தில்தான். செல்கள் நன்றாக வளர்வதற்காகவும் வருந்த வேண்டாம். மனித மரபணுத் தொகுதியில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன. ஒன்று இல்லாத இடத்தில் அதன் பங்காளி வந்து வேலையைப் பார்த்துவிடுவது அடிக்கடி நடப்பதுதான்.

எனக்குக் கோபம் வந்தது 'அதிர்ஷ்டம்' என்ற சொல்லைப் படித்தபோது. உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே வெளியிட்டிருக்கிறேன். அதில் அதிர்ஷ்டத்துக்கு ஒன்றரைப் பக்கம், அந்தப் பட்டைக்கு ஒரே வரி. ஹண்டர் சோம்பல்பட்டுப் பழைய பஃபரை (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) ஊற்றினார், டைரோசின் கைனேஸ் கிடைத்துவிட்டது என்ற கதையைப் பலரும் சொல்லக் கேட்டுச் சில காலமாகவே மனம் புழுங்கிக்கொண்டிருந்தேன். நீங்களுமா?

நடந்ததைப் பாருங்கள். 1979, கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையம். பாலியோமா வைரஸின் மிடில்-டி புரதத்தோடு வரும் கைனேஸ் எந்த அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது என்று பார்க்கிறார்கள். எதிர்பார்த்த பதில்கள் செரின், திரியோனின் இரண்டும்தான். அமினோ அமிலங்களை மின்சாரத்தால் பிரிக்கும் பஃபரின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) 1.9 இருக்க வேண்டியது, பழசானதால் 1.7-க்கு இறங்கியிருந்தது. ஆகவே கதிரியக்கப் புள்ளி இரண்டோடும் சேராமல் தனியே நின்றது. பஃபர் செய்த உதவி அதோடு முடிந்துவிட்டது. ஹைட்ராக்சில் தொகுதி உள்ள மூன்றாவது அமினோ அமிலம் டைரோசின் என்று எண்ணிப் பார்த்ததும், பாஸ்போடைரோசினைத் தயாரித்துப் பக்கத்தில் ஓடவிட்டு இரண்டும் ஒரே இடத்தில் நிற்பதை உறுதிசெய்ததும் யார்? 1978-இல் புற்றுநோய் வைரஸ் ஒன்றின் சார்க் என்ற கைனேஸை ஆராய்ந்தவர்கள், அது திரியோனினில் பாஸ்பேட் ஏற்றுகிறது என்றே எழுதியிருந்தார்கள். சரியான பிஎச்சில் பாஸ்போதிரியோனினும் பாஸ்போடைரோசினும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். சாதாரண செல்லில் பாஸ்பேட் ஏறிய அமினோ அமிலங்களில் டைரோசினின் பங்கு ஏறத்தாழ 0.03 சதவீதம். குப்பை என்று ஒதுக்கிவிட இதைவிட வசதியான அளவு வேண்டுமா? அதை ஒதுக்காததால் திறந்த துறையில்தான், நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பிசிஆர்-ஏபிஎல் என்ற புரதம் ஒரு டைரோசின் கைனேஸ் என்பது தெரிந்தது. அதைத் தடுக்கும் இமாடினிப் 2001-இல் நோயாளிகளின் கைக்கு வந்தது.

நான் வேலை பழகிய ஆய்வகத்தில் ஒரு மூத்தவர் இருந்தார். இருட்டறையிலிருந்து ஈரம் சொட்டும் ஃபிலிமைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். நாங்கள் ஆவலோடு காத்திருக்கும் பட்டையைக் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் ஓரத்துக் கறை, மாதிரி ஊற்றிய குழியின் அடியில் தேங்கிய கருமை, யாரும் கேட்காத மெல்லிய கோடு. "இது யார்?" என்பார். பதில் தெரியாவிட்டால் நோட்டில் வரைந்து வைக்க வேண்டும். அவர் பெயரில் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ஆனால் கைனேஸ் வேலையை இப்படித்தான் செய்ய வேண்டும் என்று இன்றும் நான் நம்புவது அவரால்தான்.

நான்கு ஆண்டுகள் வீண் என்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் வரும் ஒரு பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிப் பேசலாமா? நீங்கள் களைத்திருப்பது புரிகிறது. நான்கு நாள் நன்றாகத் தூங்குங்கள். பிறகு, பயனற்றவை என்று நீங்கள் சலித்துக்கொள்ளும் அந்த மரபணு நீக்கிய செல்களை எடுங்கள். ஒரு தட்டில் இயல்பான கைனேஸையும், இன்னொன்றில் பாஸ்பேட்டைத் தரும் ஏடிபியைப் பிடிக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தை மாற்றிச் செயலிழக்கச் செய்த வடிவத்தையும் செலுத்துங்கள். இரண்டாவதில் பட்டை மறைந்தால் அது உங்கள் கைனேஸின் வேலை. மறையவில்லை என்றால் கூடவே வேறொரு கைனேஸ் வருகிறது. அது எது என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் (நிறையை அளந்து புரதத்தை அடையாளம் காணும் முறை) பாருங்கள்.

அப்படி ஒட்டிக்கொண்டு வருவதையும் இளப்பமாக நினைக்காதீர்கள். மிடில்-டி புரதம் கைனேஸே அல்ல. செல்லின் சொந்த சார்க் அதைப் பற்றிக்கொண்டு வந்து அந்த வேலையைச் செய்தது என்று சாரா கோர்ட்னிட்ஜும் ஆலன் ஸ்மித்தும் 1983-இல் காட்டினார்கள். அடுத்த ஆய்வகக் கூட்டத்தில் படத்தை வெட்டாமல் போடுங்கள். மேற்பார்வையாளர் முகம் சுளித்தால் அந்தக் கட்டுரையை அவரிடம் கொடுங்கள்.