நாலாவது வெடியில் குறி ஏன் விலகுகிறது?

கேள்வி: தாத்தா வைத்திருந்து, இப்போது என் பேரில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி. வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய வகை. அட்டையில் சுட்டுப் பார்த்தால் முதல் இரண்டு குண்டும் அருகருகே விழுகின்றன. நாலாவதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போகிறது, குண்டை உள்ளே தள்ளவும் கை வலிக்கிறது. சுட்டு முடித்ததும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, எண்ணெய் பூசித்தான் வைக்கிறேன். குழல் தேய்ந்துவிட்டதா?
– வாசகர், மடிப்பாக்கம்

பதில்: குழல் தேய்ந்திருந்தால் முதல் இரண்டும் அருகருகே விழாது, தம்பி. உள்ளே சேரும் கசடுதான் காரணம். கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதில்லை. உப்பும் கரியுமாகவே மிஞ்சுகிறது. அதில் ஒரு பங்கு குழலில் ஒட்டும். வெடிக்கு வெடி வழி குறுகும், குண்டு இறங்கும் இறுக்கம் மாறும், குறியும் மாறும். குண்டு மருந்தின் மேல் உட்காராமல் நடுவில் நின்றுவிட்டால் குழலே வீங்கிப் பிளக்கலாம். கை வலிக்கிறது என்றீர்களே, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் பழைய பருத்தி வேட்டித் துணியை லேசாக நனைத்து, பிழிந்து, ஒரு முறை உள்ளே விட்டு எடுங்கள். பின்னால் காய்ந்த துணி ஒன்று. சொட்டச் சொட்ட நனைத்தால் அடுத்த மருந்து நமத்துப் போகும். எத்தனை துணி என்பதை மாற்றவே மாற்றாதீர்கள்.

அப்புறம் அந்த மண்ணெண்ணெய். அது உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். தொழிலுக்கு வந்த புதிதில், மவுண்ட் ரோடு பக்கத்துப் பட்டறையில், ஒருவரின் துப்பாக்கியைத் தண்ணீர் காட்டாமல் எண்ணெய் மட்டும் பூசிக் கொடுத்தேன். ஐப்பசி மழை முடிந்து அவர் திரும்பக் கொண்டுவந்தபோது அடிப்பக்கம் முழுக்கத் துருக் குழிகள். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். நம்ம ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? அந்தக் குழிகளை என்னால் எடுக்கவே முடியவில்லை.

முதலில் உள்ளே மருந்து இல்லை என்று உறுதி செய்யுங்கள். கம்பியை அடிவரை விட்டு வாயருகே அடையாளம் வைத்து, வெளியே குழலோடு வைத்து அளந்தால் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். பிறகு நிப்பிளை, அதாவது அடிப்பக்கத்தில் நெருப்பு உள்ளே போகும் துளையுள்ள சிறு திருகைக் கழற்றி, குழலைக் கட்டையிலிருந்து எடுத்து, அடிப்பக்கம் வாளியில் இருக்கும்படி நிறுத்துங்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், கொஞ்சம் சோப்பு போதும். துணி சுற்றிய கம்பியை மேலும் கீழும் இழுத்தால் தண்ணீர் தானே ஏறி இறங்கும். அது தெளியும்வரை மாற்றுங்கள். ஈரம் போகத் துடைத்து மெல்லிசாக எண்ணெய் விடுங்கள். அடுத்த முறை சுடுவதற்கு முன் அந்த எண்ணெயை முழுக்கத் துடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கரியோடு சேர்ந்து தார்போல் இறுகும்.

கம்பி பித்தளையாக இருக்கட்டும். இரும்புக் கம்பி வாய் ஓரத்தை ஒரு பக்கமாகத் தேய்த்துவிடும். குண்டு கடைசியாகத் தொட்டு வெளியேறும் இடம் அது.

மறுநாள் காலை வெள்ளைத் துணி ஒன்றை உள்ளே விட்டுப் பாருங்கள். பழுப்பாக வந்தால் வாளியை மறுபடி எடுங்கள்.